இறங்கும் துறைமுகம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி வந்த பிறகுதான் மலைப்பாதையைப் பிடிக்கிறது. கீழே நெல்லும் கரும்பும். ஏற ஏற மரவள்ளிக் கொல்லைகள், புளியமரங்கள், இடையிடையே கடுக்காய் மரங்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. இப்போது கல்வராயன் மலை தனி வட்டம், வெள்ளிமலை அதன் தலைமையிடம். நான் போன அன்றைக்குப் பேருந்தில் என்னோடு வந்தவர்களில் சிலர் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கப் போனார்கள். என் பையில் இருந்ததும் காகிதங்கள்தான்: கனடாவின் வான்கூவரில் புறப்பட்டு, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் முடியும் ஏழு இரவுக் கப்பல் பயணத்தின் விவரத்தாள், இரண்டு பாஸ்போர்ட்டுகளின் நகல், நிரப்பாத ஒரு விண்ணப்பம்.

அந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளும் வெள்ளிமலைப் பக்கத்து வாத்தியார் ஒருவருடையதும் அவர் மனைவியுடையதும். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, அதே மாதிரியான பள்ளியில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மகள் நர்சிங் படித்துக் கனடாவில் வேலை பார்க்கிறார். அப்பாவையும் அம்மாவையும் ஒரு முறையாவது பனிமலை பார்க்கக் கூட்டிப்போக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் நெடுநாள் ஆசை. கனடா விசா இருவருக்கும் வந்துவிட்டது. டிக்கெட் பேசிய முகவர், வான்கூவரில் ஏறுவதால் கனடா விசாவே போதும் என்று சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சந்தேகம். "எங்கப்பாகிட்ட நேர்ல போய் விளக்கிச் சொல்லுங்கண்ணா, போன்ல சொன்னா புரியமாட்டேங்குது" என்று கேட்டுக்கொண்டதால்தான் மலையேறினேன்.

முகவர் சொன்னது தவறு. அந்தக் கப்பல் போய்ச் சேரும் இடம் சூவர்டு. அலாஸ்காவின் தென்கரையில் உள்ள சிறிய துறைமுகம். பெட்டியோடு அங்கே இறங்கி, ரயிலிலோ பேருந்திலோ ஆங்கரேஜ் போய், விமானம் பிடிக்க வேண்டும். அது அமெரிக்க மண். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே கால் வைக்க அமெரிக்கச் சுற்றுலா விசா வேண்டும். இன்னொன்றும் உண்டு. வான்கூவரின் கனடா பிளேஸ் துறைமுகத்தில், கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் பயணிகளைச் சோதித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் எல்லை, நடைமுறையில், கனடாவின் கப்பல் மேடையிலேயே தொடங்குகிறது. ஆகவே விசா இல்லாதவர் சூவர்டுக்குப் போய்த் திண்டாட வேண்டியதில்லை; வான்கூவரிலேயே கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பயண ஆவணம் பயணியின் பொறுப்பு என்று கப்பல் நிறுவனங்கள் டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதியே வைத்திருக்கின்றன. அதனால் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது.

வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்துத்தான் பேசினோம். அவர் விரல் வான்கூவரில் தொடங்கி, கெட்சிகன், ஜூனோ என்ற அலாஸ்கா ஊர்கள் வழியாகக் கரையோரமாக வடக்கே நகர்ந்தது. "ஏறுறது ஒரு நாடு, எறங்குறது ஒரு நாடு. சரி தம்பி, நடுவுல?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கப்பல் நடுவழியில் நிற்கும் ஊர்களில் காலையில் இறங்கி மாலையில் திரும்பிவிடும் பயணிகளுக்குச் சில நாடுகள் சலுகை தருகின்றன. விசா இல்லாமலேயே ஒரு பகல் ஊர் சுற்ற விடுகின்றன. கடைசித் துறைமுகத்தில் அந்தச் சலுகைக்கு இடமே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கும் நொடியில் அவர் கப்பல் பயணி அல்லர். அந்த நாட்டுக்குள் நுழைய வந்த வெளிநாட்டுக்காரர். விசா, தங்குமிடம், திரும்பும் விமானச் சீட்டு எல்லாவற்றையும் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. அதனால் ஒரு கப்பல் பயணத்தின் விளம்பரத்தாளைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரி.

அலாஸ்கா கப்பல்கள் ஏன் இப்படி இரண்டு நாட்டைத் தொட்டுக்கொண்டே ஓடுகின்றன என்பதற்கு 1886-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம் காரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணியை ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் நேராக இறக்கக் கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில்தான் ஓடுகின்றன. எனவே சியாட்டிலில் ஏற்றிச் சியாட்டிலிலேயே இறக்கும் கப்பலும் வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காவின் சுற்றுலாவே நின்றுபோகும் நிலை வந்தது. 2021 மே மாதம் அமெரிக்கா தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் போட்டுத்தான் அந்த ஆண்டுக் கப்பல்களை ஓடவிட்டது. நம்மவர்களுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: எந்தப் பக்கம் ஏறினாலும், எந்தப் பக்கம் இறங்கினாலும், அலாஸ்கா கப்பலுக்கு அநேகமாக இரண்டு விசா வேண்டும். அமெரிக்க விசா இருந்தால் கனடா விட்டுவிடும் என்பது சில நாட்டுக்காரர்களுக்குப் பொருந்தும், இந்தியர்களுக்குப் பொருந்தாது. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலுக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம், பிறப்புச் சான்று போதும் என்று காதில் விழும் பேச்சும் அமெரிக்கக் குடிமக்களுக்கானது.

வான்கூவர் என்ற பெயரைக் கேட்டதும் வாத்தியார் ஒரு கணம் நிமிர்ந்தார். "கோமகாட்டா மாரு போன ஊருதானே?" ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவர். அதே துறைமுகம்தான். 1908-இல் கனடா ஒரு விதி போட்டது: பிறந்த நாட்டிலிருந்து ஒரே மூச்சில், வழியில் எங்கும் நிற்காமல், புறப்படும்போதே எடுத்த நேர் டிக்கெட்டோடு வருகிறவரை மட்டுமே உள்ளே விடுவோம். கையில் 200 டாலரும் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நிற்காமல் ஓடும் கப்பலே கிடையாது. இந்தியர் என்ற சொல்லை எழுதாமலேயே இந்தியரைத் தடுத்த விதி அது. 1914 ஏப்ரலில் குர்தித் சிங் ஏற்பாடு செய்த கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, மே 23 அன்று 376 பேருடன் வான்கூவர் வந்து நின்றது. பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். எல்லாருமே பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர எவரையும் இறங்க விடவில்லை. ஜூலை 23 அன்று கப்பலைப் போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பஜ் பஜ் துறையில் இறங்கியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, சுமார் இருபது பேர் இறந்தார்கள். 2016 மே 18 அன்று கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்று அலாஸ்கா கப்பல்கள் கிளம்பும் மேடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அந்தப் பயணிகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

நம் ஊர் சம்பந்தமான கப்பல் கதையும் உண்டு. கள்ளக்குறிச்சி அன்றைக்குத் தென்னார்க்காடு மாவட்டம். தென்னார்க்காட்டாரும் தஞ்சாவூராரும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறித்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் அந்த வழியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. பிறகு வந்தது எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிந்துபோனது. தோட்டக் கூலியாகப் போன தலைமுறைக்கு, ஏறும் துறைமுகத்தைவிட இறங்கும் துறைமுகம்தான் பயம். அங்கேதான் மருத்துவச் சோதனை, தனிமை முகாம், ஆள் கணக்கு. உல்லாசத்துக்குக் கப்பலேறும் இன்றைய பேரப்பிள்ளைகளுக்கும் பயம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வாத்தியார் மனைவி கேழ்வரகுக் கூழும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தார். "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் அமெரிக்கா போலாம்" என்றார். சாப்பிட்ட பிறகு ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

வாத்தியாரின் மாற்றுச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், ஓய்வூதிய ஆணையில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. மலைக்காரர்களின் குலதெய்வமான கரியராமனின் பெயர்தான் அவருடையதும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'கரி' என்று தொடங்கியிருக்கிறார், இன்னொருவர் 'கரிய' என்று எழுதியிருக்கிறார். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவருடைய அப்பா பெயர் விரிந்து நிற்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் வரும் இந்தச் சிக்கலை அமெரிக்க விசாவில் ஒரு விதமாகத் தீர்க்கிறார்கள்: ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப்.என்.யூ. என்று மூன்றெழுத்தைப் போடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் தடையே போட்டது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். துபாயில் முடியும் கப்பல் பயணம் ஒன்றைப் பதிவு செய்யும் தமிழர், விலையைப் பார்ப்பதற்கு முன் தன் பாஸ்போர்ட்டின் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. கப்பல் டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்க வேண்டும். அன்று மாலை நாங்கள் செய்த முதல் வேலை அம்மாவின் பெயரை மகள் டிக்கெட்டில் எப்படிப் போட்டிருக்கிறார் என்று போனில் கேட்டுச் சரிபார்த்ததுதான்.

பெட்டியின் அடியில் நிலத்துக் காகிதங்கள். கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதை முழுமையாகத் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2006-இன் வன உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வாத்தியாருக்கு ஒரு துண்டுக்குப் பட்டா உண்டு. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து பயிர் வைக்கும் பெரிய கொல்லைக்கு இல்லை.

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214-ஆம் பிரிவு, சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்று முதலில் கருதச் சொல்கிறது. அப்படி இல்லை, திரும்பி வருவேன் என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவரின் பாரம். வேலை, சொத்து, வங்கிக் கணக்கு, குடும்பம் என்று ஊரோடு உள்ள பிடிமானத்தை அதிகாரி பார்க்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்று வழிவழியாகக் கதை சொல்லும் மக்கள் இவர்கள். வந்த நாளிலிருந்து இந்த மலையை விட்டு நகராதவர்கள். ஊரோடு இவர்களுக்கு இருக்கும் பிடிமானம் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் எவருக்கும் இருக்காது. ஆனால் அதைக் காட்டும் காகிதம் இவர்களிடம்தான் மிகக் குறைவு. அடுக்குமாடிக்காரர் பத்திரத்தை நீட்டிவிடுவார். மலைக்காரர் எதை நீட்டுவார்?

அம்மாவுக்குப் பிறப்புச் சான்று இல்லை. அவர் பிறந்த காலத்தில் மலையில் பிறப்பைப் பதிவு செய்தவர் யார்? நல்லவேளையாகப் பாஸ்போர்ட் விதி இந்த விஷயத்தில் இரக்கமாக இருக்கிறது. 2025-இல் திருத்திய விதிப்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்று கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்று, பான் கார்டு போன்ற வேறு ஆவணங்களைக் காட்டலாம். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்த பள்ளியின் பதிவேடு அப்படித்தான் உதவியது.

ஐரோப்பாப் பக்கம் போகிறவர்களுக்கும் ஆசியாவிலேயே கப்பலேறுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. பார்சிலோனாவில் ஏறி ஏதென்ஸில் இறங்கினால் நாடு இரண்டு, விசா ஒன்று. இரண்டும் ஷெங்கன் பகுதி. நடுவில் துருக்கியைத் தொட்டுவிட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்பினால், பல முறை நுழையும் விசா இல்லாதவர் மாட்டிக்கொள்வார். எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்றால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். இஸ்தான்புல்லில் முடியும் பயணத்துக்குத் துருக்கி விசா தனி. செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ கையில் இருந்தால்தான் இந்தியர் அதை இணையத்தில் எடுக்க முடியும். சௌத்தாம்ப்டனில் இறங்கினால் பிரிட்டன் விசா. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், சிங்கப்பூருக்கே திரும்பினாலும் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் விடுகிறது. ஹாங்காங்கில் இறங்கினால், வருகைக்கு முன்பே பதிவு செய்து அந்தச் சீட்டை எடுத்திருக்க வேண்டும்.

கப்பலில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பலின் சமையற்கட்டிலும் அறைச் சேவையிலும் சேர்கிறவர்கள். அவர்களுக்குச் சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகமும், அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலென்றால் சி1/டி விசாவும் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து எந்த நாட்டில் இறக்கிவிடுகிறார்களோ அந்த நாட்டின் விதிதான் அவர்களுக்கு. 2020 பிப்ரவரியில், கொரோனா பரவத் தொடங்கியபோது, இது எல்லாருக்கும் விளங்கியது. ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். 132 பேர் ஊழியர்கள். அதே பிப்ரவரியில், யோகோஹாமாவில் முடிய வேண்டிய வெஸ்டர்டாம் என்ற கப்பலைத் துறைமுகம் துறைமுகமாக மறுத்தார்கள். கடைசியில் கம்போடியாவின் சிஹானுக்வில் இடம் கொடுத்தது. எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒரு நாட்டில் அந்தப் பயணம் முடிந்தது.

வாத்தியாரிடம் நான் சொன்ன வரிசை இதுதான். முதலில் அமெரிக்க விசா. அது கையில் வந்த பிறகு கப்பலின் மிச்சப் பணம். இப்போதைக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கும் தேதிவரை மட்டுமே காத்திருப்பது. அதற்குள் நேர்காணல் நாள் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மாற்றிவிடுவது. ஊர் திரும்பும் விமானத்தை ஆங்கரேஜிலிருந்து சியாட்டில் வழியாக எடுத்தால் கனடாவுக்குள் மறுபடி நுழைய வேண்டாம். மகள் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வர நினைத்தால், பல முறை நுழைய அனுமதிக்கும் கனடா விசா இருக்கிறது, அதன் கடைசித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். விண்ணப்பத்தில் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே.

மகள் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப டிக்கெட்ட மாத்திக்கலாம்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். வாத்தியார் அட்லஸை மூடாமல் ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத்தான் கேள்வி பாக்கி இருந்தது.

"அந்த ஆபீசர் இங்கிலீஷ்லதான் கேப்பாரா?"

"தமிழ்லயே பேசலாம்மா. சென்னையில அதுக்கு ஏற்பாடு இருக்கு."

"என்ன கேப்பாரு?"

"எதுக்குப் போறீங்க, யார் செலவு பண்றாங்க, கப்பல்ல இருந்து எங்க இறங்குவீங்க, எப்பத் திரும்பி வருவீங்க, இவ்வளவுதான்."

"எங்க எறங்குவேன்னா, சூவர்டு. எப்பத் திரும்புவேன்னா, ஆடிக்கு முன்னாடி. ஆடியில சாமை வெதைக்கணும். அண்ணன் தம்பிங்க அஞ்சு ஏரு பூட்டுவாங்க, வெத எங்கிட்டதான் இருக்கு."

"இத அப்படியே சொல்லுங்கம்மா" என்றேன். வாத்தியார் தன் தாளில் அதையும் எழுதிக்கொண்டார்.